உப்புக் கரைசல் கோரையை வேரோடு அழிக்குமா?

"பத்து லிட்டர் தண்ணீரில் மூன்று கிலோ கல்லுப்பும் கொஞ்சம் சோப்புத் தூளும் கரைத்துத் தெளித்தால் கோரை வேரோடு அழியும், மண்ணுக்குக் கேடில்லை" என்றொரு செய்தி சென்னை வட்டாரத்து மாதவரம், மீஞ்சூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

உப்பு இலையின் ஈரத்தை இழுத்துவிடும். சில நாளில் களை கருகி நிற்பதைப் பார்ப்பவர் நம்பிவிடுகிறார். ஆனால் கோரையின் உயிர் இலையில் இல்லை. மாதவரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், கரைசல் தெளித்த பாத்தியைக் களைக்கொத்தியால் கிளறிப் பார்த்தேன். நிலக்கடலை அளவில் கறுத்த கிழங்குகள், நூல் போன்ற தண்டால் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளையாக, வாசனையோடு இருந்தது. அது மறுபடி முளைக்கும்.

"கேடில்லை" என்ற சொல்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைக்கும். காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகும். கீரை விதை அதைப் பிளந்து வர முடியாமல் திணறும். உப்பைக் கழுவி இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். மீஞ்சூரில் அதற்கு எங்கே போவது? நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்த பகுதி அது.

கோடை உழவில் கிழங்குகளை மேலே கொண்டுவந்து வெயிலில் காயவிட்டுப் பொறுக்குங்கள். மீண்டும் தலைகாட்டும் கோரையைப் பூக்கும் முன்பே கொத்திக்கொண்டிருங்கள். வரிசை நடவு நெல்லில் கோனோவீடர் என்னும் களையெடுக்கும் உருளைக் கருவியை ஓட்டலாம். ஏற்கெனவே உப்பு தெளித்தவர்கள் நல்ல தண்ணீரைத் தேக்கி வடியவிடுங்கள்.