வேதியியலில் சரியான விடையை மட்டும் நம்பி அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்

ஒரே ஒரு பிள்ளையை எதிரில் உட்கார வைத்து வேதியியலின் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனிப்பாடம் எடுக்கும் ஆசிரியராக இருக்கலாம், தம்பி தங்கைக்குச் சொல்லித்தரும் அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் முடியாத ஒரு காரியம் நமக்கு முடியும். அந்தப் பிள்ளை அணுவையும் மூலக்கூறையும் மனதில் எப்படிக் கற்பனை செய்து வைத்திருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியும். அதைப் பார்க்காமல், வகுப்பில் நடந்த பாடத்தையே இன்னும் கொஞ்சம் மெதுவாக நடத்திவிட்டு எழுந்தால், தனியாக உட்கார்ந்ததற்குப் பலனே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உண்டாகும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னால், ஓரளவு பழகிய பிள்ளை அரை நிமிடத்தில் முடித்துவிடும். நைட்ரஜனுக்கு முன்னால் 1, ஹைட்ரஜனுக்கு 3, அம்மோனியாவுக்கு 2: N₂ + 3H₂ → 2NH₃. சரி. இப்போது ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "இதில் இருக்கிற எல்லா மூலக்கூறையும் வட்டம் போட்டு வரைந்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டிரண்டாக ஒட்டிய மூன்று ஜோடிகளுக்குப் பதிலாக, ஆறு ஹைட்ரஜன் வட்டங்களையும் ஒரே சங்கிலியாக ஒட்டி வரைகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலதுபக்கம் இரண்டு நைட்ரஜனும் ஆறு ஹைட்ரஜனும் ஒரே கொத்தாக நிற்கும். முன்னால் போடும் 3 எதற்கு, கீழே போடும் சின்ன 2 எதற்கு என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இரண்டையும் பெருக்கினால் 6 வரும், அது மறுபக்கமும் வரவேண்டும் என்பது மட்டும் தெரியும். விடைத்தாளில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

இது பள்ளிப் பிள்ளைகளோடு முடிவதும் இல்லை. 1987-இல் நரன்பெர்ன், பிக்கரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வாயு விதிக் கணக்கைச் சரியாகப் போட்டவர்களில் பலருக்கு, அதே வாயுவின் மூலக்கூறுகள் கலனுக்குள் எப்படிப் பரவியிருக்கும் என்பதைக் காட்டும் படத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் இதற்கான காரணத்தைத் தெளிவாகச் சொன்னார். வேதியியலை ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் யோசிக்க வேண்டியிருக்கிறது: கண்ணால் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள், தாளில் எழுதும் குறியீடு. நமக்கு இது பழகிவிட்டது, மூச்சுவிடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே பேசுகிறோம். புதிதாகக் கேட்கிற பிள்ளை குறியீட்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தேர்வில் கேட்பது அதைத்தானே!

நான் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது வரும் பெரிய குமிழிக்குள் என்ன இருக்கிறது? "காற்று" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்" என்பார்கள். உள்ளே இருப்பது நீராவிதான், அதே நீர் மூலக்கூறுகள்தான். உடனே திருத்திவிடாதீர்கள். "கொதிப்பதற்கு முன்னால் ஒரு மூலக்கூறு வரை, குமிழிக்குள் போன பிறகு அதே மூலக்கூறை வரை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இரண்டாவது படத்தை வரையும்போது கை தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் பாடம் நடக்கிறது. அப்புறம் எண்ணைக் காட்டலாம். 18 கிராம் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் போதும். அதே நீரில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை எல்லாம் உடைத்துத் தனித்தனி அணுக்களாக்க 900 கிலோஜூலுக்கும் மேல் வேண்டும். சமையலறை அடுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

துகள்களைப் பெருங்கூட்டமாக எண்ணும் அலகான மோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எனக்கு வேதியியல் வராது" என்ற முடிவுக்குப் பல பிள்ளைகள் வருவது இங்கேதான். வழக்கமாக, ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையான 6.022 × 10²³ என்ற எண்ணில் தொடங்குகிறோம். 2019 முதல் இந்த எண் வரையறையிலேயே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது, அது நல்ல செய்திதான். ஆனால் இருபத்து மூன்று சுழியங்களைக் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் எதுவும் புரிந்ததில்லை. நான் தராசில் தொடங்கச் சொல்வேன். 18 கிராம் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுங்கள், மூன்றரை தேக்கரண்டி இருக்கும், டம்ளரின் அடியில் கொஞ்சமாக நிற்கும். பக்கத்தில் 342 கிராம் சர்க்கரையை வையுங்கள், ஒரு பாத்திரம் நிறையும். இரண்டிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, "எப்படி?" என்று கேளுங்கள். சர்க்கரை மூலக்கூறு கனமானது என்ற பதில் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும். எத்தனை மடங்கு கனம் என்று வகுத்துப் பார்க்கட்டும், 19 வரும். துகள்களை எண்ண முடியாததால் எடை போடுகிறோம், எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போகிறோம் என்பது பிடிபட்ட பிறகுதான் அந்தப் பெரிய எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் சூத்திரத்தை முக்கோணம் போட்டுக் கொடுப்பதை நான் அறவே எதிர்க்கிறேன். எதை மூடினால் எதை வகுக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த முக்கோணம் வேறு எதையும் சொல்லித்தருவதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். "சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது, குளோரின் வாங்க ஆசைப்படுகிறது" என்று கதை சொல்வது. கேட்க இனிமையாக இருக்கிறது, மனதிலும் நிற்கிறது, ஆனால் தவறு. சோடியம் அணுவிலிருந்து அந்த எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவு செய்ய வேண்டும். குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 மட்டுமே. 147 கைநஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது, எலக்ட்ரானை இழந்தும் பெற்றும் எதிரெதிர் மின்சுமை கொண்டுவிட்ட அணுக்கள், அதாவது அயனிகள், படிகமாக ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்போது வெளிவரும் சுமார் 787 கிலோஜூல். முதல் வகுப்பிலேயே இத்தனை எண்ணையும் கொட்டத் தேவையில்லை. "எலக்ட்ரானைப் பிடுங்க ஆற்றல் செலவாகும், அயனிகள் சேரும்போது அதைவிட அதிகம் கிடைக்கும்" என்று ஒரு வரியில் சொன்னால் போதும். இதைச் சரியாகக் கேட்ட பிள்ளை, பின்னாளில் "பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும்" என்று எழுதாது.

தனிமங்களின் பெயர், குறியீடு, முதல் இருபதின் வரிசை, பொதுவான அயனிகள் – இவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் நாம் கூட இருக்கும் நேரத்தை அதற்குச் செலவிட வேண்டாம்.

தனியாகச் சொல்லிக்கொடுப்பவர்களின் பெரிய சிக்கல், அமைதி பொறுக்காது என்பது. பிள்ளை ஐந்து விநாடி பேசாமல் இருந்தால் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம், "புரிஞ்சுது" என்று பதில் வருகிறது, அடுத்த பக்கம் திருப்புகிறோம். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். "ஏன் இங்கே மூணு போட்டே?" என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். தவறாக இருக்கும்போது மட்டும் கேட்டால், நீங்கள் கேட்டதுமே தப்பு என்று பயந்து பிள்ளை அழித்துவிடும்.

இப்படி வரையச் சொல்லியும் காத்திருந்தும் நடத்தினால் வேகம் குறையும். ஒரு மணி நேரத்தில் இரண்டு கணக்குதானா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. தேர்வு நெருங்கும்போது வேகம் தேவை, அதை மறுக்கவில்லை. துகள்களை வரையப் பழகிய பிள்ளைக்கு அந்த வேகம் தானாக வருகிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப்பாடமாகவும் ஒரே கேள்வி போதும். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து எரிந்தால் எத்தனை கிராம் நீர் வரும்? இரண்டையும் கூட்டி 20 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. விடை 18, ஹைட்ரஜன் 2 கிராம் மிஞ்சும். கணக்கோடு படமும் வரைந்து வரச் சொல்லுங்கள்: நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, எரிந்த பிறகு என்ன இருக்கும்? மறுநாள் விடையைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தைப் பாருங்கள். இரண்டு நீர் மூலக்கூறுகளோடு, எரியாத இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் அதில் இருந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.