சியாட்டல் வீட்டு வரியும் நம் குழுப் புலம்பலும்

ஒவ்வொரு பிப்ரவரியிலும், சியாட்டல் இருக்கும் மாவட்டமான கிங் கவுன்ட்டியின் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில் வந்து விழுந்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒப்பாரி ஆரம்பித்துவிடும். "வீதியில கிடக்கிறவனுக்கு நாம ஏன் கட்டணும்?" என்பதுதான் பல்லவி. 2023 நவம்பரில் சியாட்டல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ஹவுசிங் லெவியை, அதாவது குறைந்த வாடகை வீடுகளுக்கான தனிச் சொத்து வரியைத்தான் சொல்கிறார்கள். அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவன் நான். இன்றைக்கும் அதே பக்கம்தான்.

முதலில் கணக்கு. 2024 முதல் 2030 வரை ஏழு வருஷத்துக்கு 97 கோடி டாலர். 2016இல் இதே லெவி வெறும் 29 கோடி. மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. சுமார் 8,55,000 டாலர் மதிப்புள்ள நடுத்தர வீட்டுக்கு வருஷத்துக்கு 383 டாலர் வரும் என்று அப்போது நகராட்சி சொன்னது. மாதம் 32 டாலர். எங்கள் மொத்த பில் எட்டாயிரத்துச் சொச்சம். அதில் பள்ளிக்கூடம், லைப்ரரி, துறைமுகம், ரயில், பஸ் விடும் சவுண்ட் ட்ரான்சிட் எல்லாம் உண்டு. திட்டு வாங்குவது என்னவோ இந்த ஒன்றுதான். ரயில் வந்தால் நாம் ஏறுவோம், பள்ளிக்கூடம் இருந்தால் நம் பிள்ளை படிக்கும். இதில் நமக்கு என்ன என்று கேட்கிறார்கள்.

வீட்டு மதிப்பு ஏறினால் இந்த வரியும் கூடவே எகிறும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் வாஷிங்டன் மாநிலத்தில் அப்படி இல்லை. வசூலிக்க வேண்டிய மொத்தத் தொகை முதலில் முடிவாகும், அதை எல்லா வீடுகளும் மதிப்புக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். மக்கள் ஓட்டு இல்லாமல் நகராட்சி தன் சொத்து வரி வசூலை, புதுக் கட்டடங்கள் நீங்கலாக, வருஷத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏற்றவும் முடியாது. எதற்கெடுத்தாலும் ஓட்டுச்சீட்டு வந்து நிற்பது அதனால்தான்.

பணம் எங்கே போகிறது? 70.7 கோடி, குறைந்த வாடகை வீடுகளைக் கட்டவும் இருப்பவற்றைக் காப்பாற்றவும். அவை குறைந்தது 50 வருஷம் குறைந்த வாடகை வீடுகளாகவே இருக்க வேண்டும். வாடகை பாக்கியால் ஒரு குடும்பம் வெளியே விழாமல் தடுக்க 3 கோடி. எனக்கு முக்கியமாகப் படுவது, கட்டடங்களை நடத்தவும் ஊழியர் சம்பளத்துக்கும் வைத்திருக்கும் 12.2 கோடி.

ஏன் என்றால், தெருவிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் ஒரு கட்டடத்துக்கு நண்பர்கள் சிலர் அவ்வப்போது சாப்பாடு கொண்டு போவோம். ரிசப்ஷன் மேஜையில் பெரிய சாவிக்கொத்து, வாக்கி டாக்கி, கைக்கெட்டும் தூரத்தில் போதை மருந்து ஓவர்டோஸை முறிக்கும் நார்கான் ஸ்ப்ரே. ஓவர்டோஸில் ஒருவர் சுருண்டு விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மேஜைக்காரர்தான் எல்லாம். ராத்திரி ஷிஃப்டில் இருந்த பெண் வடக்கே உள்ள எவரெட் ஊரிலிருந்து பஸ் பிடித்து வருவார், சியாட்டல் வாடகை கட்டுப்படியாகாது. அடுத்த முறை போனபோது அவர் இல்லை. கட்டடம் இருந்தாலும் ஆள் நிற்காவிட்டால் அறைகள் பூட்டியே கிடக்கும்.

"கொடுத்துக் கொடுத்து என்ன ஆச்சு, டென்ட் கூடத்தானே செய்யுது?" என்கிறார்கள். கூடத்தான் செய்தது. கிங் கவுன்ட்டியின் வீடற்றோர் கணக்கெடுப்பில் 2022இல் 13,368 பேர், 2024இல் 16,868 பேர். இந்த லெவி ஏழு வருஷத்தில் குறிவைப்பது மூவாயிரம் சொச்சம் வீடுகள். இது மட்டும் போதும் என்று யார் சொன்னது? லாஸ் ஏஞ்சலஸ் 2016இல் இதே காரணத்துக்காக 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டது. அதில் சில திட்டங்களில் ஒரு வீட்டுக்கு ஆன செலவு 8 லட்சம் டாலரைத் தாண்டியது. வரி கொடுக்கிறவன் கணக்குக் கேட்டே ஆக வேண்டும். அதற்காக வரியே வேண்டாம் என்பது வேறு பேச்சு.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இங்கேதான். குழுவில் டென்ட் படம் போட்டுப் பொருமுகிற அதே ஆட்கள், தங்கள் தெருவில் அடுக்குமாடி வருகிறது என்றால் பார்க்கிங் போச்சு, பள்ளிக்கூட ரேட்டிங் போச்சு என்று கையெழுத்து வேட்டை நடத்துகிறார்கள். 2023இல் மாநிலச் சட்டசபை ஹவுஸ் பில் 1110ஐ நிறைவேற்றியது. பெரிய நகரங்களில் ஒரு மனையில் நாலு வீடு கட்ட அனுமதி, பெரிய ரயில், பஸ் நிலையங்களுக்குப் பக்கமென்றால் ஆறு. அதற்கு என்ன கூப்பாடு! மைக்ரோசாஃப்ட், அமேசான் வேலைக்கு நாம் வந்து குவிந்தோம், வீடு அதற்கேற்பக் கட்டப்படவில்லை, வாடகை ஏறியது, நம் வீட்டு மதிப்பும் ஏறியது. அந்த லாபம் மட்டும் இனிக்கிறது. வரியும் கூடாது, அடுக்குமாடியும் கூடாது, டென்ட்டும் கண்ணில் படக்கூடாது என்றால் எப்படி?

பெரிய கம்பெனிகளிடம் வாங்கலாமே என்றால், வாங்கத்தான் வேண்டும். 2018 மே மாதம் ஓர் ஊழியருக்கு 275 டாலர் என்று கவுன்சில் போட்ட வரியை ஜூனிலேயே அதே கவுன்சில் வாபஸ் வாங்கியது. அப்புறம் 2020இல்தான் பெரிய கம்பெனிகள் கட்டும் ஜம்ப்ஸ்டார்ட் சம்பள வரி வந்தது. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

எனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியும் உண்டு. ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, ஓட்டுப் போட்டது நீங்க, கட்டுறது நானா?" கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கிறான். வீடு வாங்கிவிட்டான், வரி கட்டுகிறான், ஓட்டு இல்லை. அவன் கோபம் நியாயமானது. பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள், நீயும் இந்த ஊர்க்காரன்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் அசரவில்லை.

ஒன்று மட்டும் சொன்னேன். கவுன்சில் கூட்டத்தில் பேச ஓட்டுரிமை தேவையில்லை, பெயர் கொடுத்தால் போதும். லெவியைக் கண்காணிக்க ஒரு கமிட்டியும் இருக்கிறது. இதுவரை எத்தனை வீடு முடிந்தது, எத்தனை அறை ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது, ராத்திரி ஷிஃப்டுக்கு மணிக்கு என்ன சம்பளம் என்று அங்கே அவன் கேட்கலாம். 2030இல் அடுத்த லெவிக்கு ஓட்டுக் கேட்டு வருவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. வருகிறாயா என்றேன். ஆபீஸில் ஸ்டாண்டப் மீட்டிங் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றிருக்கிறான்.