இன்னொரு டாக்டரைப் பார்க்க மறுபடி ஊசி குத்த வேண்டுமா?

"அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொன்ன பிறகு வேறு டாக்டரிடம் போனால் மறுபடி பயாப்சி (சோதனைக்காகச் சதைத் துணுக்கு எடுப்பது) எடுப்பார்கள், அதில் நோய் பரவிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. முதலில் எடுத்த சதைத் துணுக்கு வீணாவதில்லை. எண் எழுதிய சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில், மெழுகுக்குள் பத்திரமாக இருக்கும். 'பிளாக்' என்பார்கள். அதையும், அதிலிருந்து மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்த கண்ணாடி ஸ்லைடுகளையும் வாங்கிப்போய், மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டலாம். பெரும்பாலும் அதுவே போதும். சில சமயம் துணுக்கு போதாமல் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அப்போதும் பயம் வேண்டாம், ஊசியால் நோய் பரவுவது மிக மிக அரிது. அப்புறம், மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. தயங்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி.யையும் மறக்காதீர்கள்.