முதல் அசையில்தான் அழுத்தமா?

“எவ்வளவு நீளமான ஆங்கிலச் சொல்லானாலும் முதல் அசையை (சிலபிளை) அழுத்திச் சொன்னால் போதும்” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் காட்டிய ஃபோட்டோகிராஃப் வரைக்கும் சரி, அதில் அழுத்தம் ‘ஃபோ’வில்தான். ஆனால் அதே சொல் ஃபொடாக்ரஃபி ஆகும்போது அழுத்தம் இரண்டாம் அசையான ‘டா’வுக்குப் போய்விடும். ஃபோட்டகிராஃபிக் என்றால் மூன்றாவதான ‘கிரா’வுக்கு. ஒரே குடும்பம், மூன்று இடம்!

நீண்ட சொற்களில் வாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். கம்யூனிகேஷன் ஐந்து அசை, அழுத்தம் ‘கே’யில். எலெக்ட்ரிக்கில் ‘லெக்’, எலெக்ட்ரிசிட்டியில் ‘ட்ரி’. விலக்கும் உண்டு: அரபிக், பாலிடிக்ஸ் இரண்டும் முதல் அசையில்தான். ‘மென்ட்’ சேர்ந்தால் பெரும்பாலும் அழுத்தம் நகராது. டெவலப், டெவலப்மென்ட் இரண்டிலும் இரண்டாம் அசையான ‘வெ’தான். நாம்தான் ‘டெ’யில் அடிக்கிறோம்.

அப்புறம், இங்கே அசை என்பது யாப்பின் நேர், நிரை அல்ல. ‘பலா’ நமக்கு ஒரே நிரையசை, இந்தக் கணக்கில் இரண்டு. எழுத்தில் உள்ள உயிரெழுத்துகளை எண்ணுவதும் உதவாது, காதில் விழும் உயிரொலியைத்தான் எண்ண வேண்டும்.

சந்தேகம் வந்தால் அகராதியில் ஒலிக்குறிப்பைப் பாருங்கள். மேலே நிற்கும் சிறு கோடு, பெரும்பாலான அகராதிகளில் தனக்கு அடுத்து வரும் அசையைத்தான் காட்டுகிறது. பலர் அதை முந்தைய அசைக்கு என்று படித்துவிடுகிறார்கள்.