வேலைக்குச் சேர்த்தது இத்தனை பேர் என்கிறீர்கள். இன்னும் இருப்பது எத்தனை பேர்?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக என் டைம்லைன் முழுக்க அதுதான். மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு முகாம், மேடையில் பணி ஆணை, சக்கர நாற்காலியில் வந்த பெண்ணை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி மேடையேற்றுகிறார்கள், அரங்கமே கைதட்டுகிறது. அதன் கீழே நான் கேட்டது ஒரே கேள்வி. மேடைக்கே சாய்தளம் இல்லையே, அந்தப் பெண் வேலைக்குப் போகிற இடத்தில் இருக்கிறதா?

அவ்வளவுதான். அதற்கு என்னென்ன திட்டுகள்! "நல்லது செஞ்சாலும் குறை சொல்ற கூட்டம்" என்றார் ஒருவர். இன்பாக்ஸில் ஒரு தம்பி, "அக்கா, நீங்களே இப்படிப் பேசலாமா?" என்று கேட்டார். நானும் மாற்றுத்திறனாளி, நான்தான் பேச வேண்டும் தம்பி. வேறு யார் பேசுவார்கள்?

வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். தூக்கும்போது அந்தப் பெண் ஒரு கையால் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், மறு கையால் துப்பட்டாவை மடியோடு சேர்த்து அழுத்தியிருக்கிறாள். ஆணையை வாங்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. அதற்கு முந்தைய அந்தச் சில வினாடிகள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித் தூக்கப்பட்டவள்தான்.

முகாம் நடத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கேட்பது கணக்கு. இன்று இத்தனை பேருக்கு ஆணை கொடுத்தோம் என்கிறீர்கள், சந்தோஷம். போன வருஷம் கொடுத்தீர்களே, அவர்களில் இன்று எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள்? ஐந்து வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தவர்கள்?

2006ல் என் முதல் வேலை. தனியார் நிறுவனம், கணக்குப் பிரிவு, முதல் மாடி. எனக்கு வலது காலில் போலியோ, காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிபர் சட்டம் போட்டுத்தான் நடப்பேன். படி ஏறிவிடுவேன், அது பிரச்சினை இல்லை. பெண்கள் கழிப்பறை கீழ்த்தளத்தில், அதுவும் குத்தவைத்து உட்காரும் வகை. காலிபர் போட்ட கால் மடங்காது. அதனால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை நான் தண்ணீரே குடிப்பதில்லை. அம்மா தினமும் பாட்டிலை நிரப்பித் தருவார். மாலையில் பையிலிருந்து எடுத்துக் கையில் தூக்கிப் பார்ப்பார். கனமாகவே இருக்கும். ஒன்றும் கேட்காமல் வாசல் துளசிக்கு ஊற்றிவிட்டுப் போவார்.

எட்டாவது மாதம் சிறுநீரில் தொற்று, காய்ச்சல். சரியாகிப் போய், திரும்பவும் வந்தது. பதினோராவது மாதம் ராஜினாமா கொடுத்தேன். கடிதத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "சொந்தக் காரணங்களுக்காக." இருபத்திரண்டு வயதுப் பெண், ஆண்கள் நிறைந்த ஆபிஸில், கழிப்பறை என்று எப்படி எழுதுவாள்? அப்புறம் வேறொரு பெண், கால் ஊனமுற்றவர், அங்கே நேர்காணலுக்குப் போனபோது, "ஏற்கெனவே ஒருத்தங்களை எடுத்தோம், நிலைக்கலை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூட வேலை பார்த்த தோழி சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்காமல் போனதற்கு என் கடிதம் காரணம் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

நாங்கள் வேலையை விட்டால் அது எங்கள் சொந்தக் காரணம் ஆகிவிடுகிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சட்டத்தைப் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது, முன்பு 3 ஆக இருந்தது. தனியாருக்குக் கட்டாயம் கிடையாது, ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி அரசு தன் வசதிக்கு ஏற்ப ஊக்கம் கொடுக்க வேண்டும் என்பதோடு சரி. அதற்கு முன்பே, 2008ல், தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளியைச் சேர்த்தால் முதலாளி கட்ட வேண்டிய பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பங்கை மத்திய அரசே முதல் மூன்று வருஷம் கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. மூன்று வருஷம். நான்காவது வருஷத்தைப் பற்றி யோசித்தவர் யார்? 2017ல் வந்த விதிகள், இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்கின்றன. எத்தனை மாற்றுத்திறனாளிகள், எந்தத் தேதியிலிருந்து வேலை பார்க்கிறார்கள், என்ன வசதி செய்திருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கிறது. வேலையை விட்டுப் போன தேதி? ஏன் போனார்கள்? அதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

"எல்லோரும்தான் வேலை மாறுகிறார்கள்" என்பீர்கள். மாறுகிறார்கள், இன்னொரு வேலைக்கு. நாங்கள் வீட்டுக்குத் திரும்புகிறோம். 2018ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், 15 வயதும் அதற்கு மேலும் ஆன மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்தே நூற்றுக்கு 24 பேர்கூட இல்லை. மீதிப் பேர் எங்கே? எத்தனை பேர் ஒருமுறை வேலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்?

"சின்ன கம்பெனி, செலவுக்கு எங்கே போவார்கள்?" இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். 2009ல் ஒரு ஆடிட்டர் ஆபிஸில் சேர்ந்தேன். மொத்தமே ஆறு பேர். இரண்டாவது வாரம் ஆடிட்டர் சார் கூப்பிட்டு, "பாத்ரூம் உனக்குச் சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். அடுத்த வாரம் பிளம்பர் வந்து வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் ஒரு கம்பி பதித்துவிட்டுப் போனார். அந்த வருஷம் ஆபிஸுக்கு வாங்கிய கம்ப்யூட்டரின் விலையில் பாதிகூட ஆகவில்லை. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். சேல்ஸ் டாக்ஸ், வாட், ஜிஎஸ்டி எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கிறது. ஒரு கம்பி, ஒரு கேள்வி. இதற்கா பணம் இல்லை?

அரசு வேலை கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்வையற்ற என் நண்பர் ஒருவர் அரசு அலுவலகத்தில் இருக்கிறார். கம்ப்யூட்டரில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுத் தரச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். வரவில்லை. அதனால் வேலையும் தருவதில்லை, ஓரமாக ஒரு நாற்காலி. அவர் காதுபடவே "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறார்" என்கிறார்கள். முதுகலை படித்த மனிதர். சேர்ந்த அன்றைக்கு எந்தப் பதவியோ இன்றும் அதே பதவி. போலியோவால் பாதிக்கப்பட்ட ஒரு கேரளப் பெண் ஊழியரின் வழக்கில், பதவி உயர்விலும் எங்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்று 2021லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உயர்வைக் கேட்டு என் நண்பர் மனு கொடுத்தால், "வேலை கிடைச்சதே பெரிசு, இதுக்கு மேல என்ன?" என்று பதில் வருகிறது.

என்னைத் திட்டியவர்களில் பாதிப் பேர் சொன்னதும் இதே வாக்கியம்தான். வேலை கொடுத்ததே பெரிசு. உங்கள் பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால் இப்படிச் சொல்வீர்களா? சாப்பாடு எப்படி, பஸ் வசதி எப்படி, எப்போது சம்பளம் ஏறும் என்று கேட்க மாட்டீர்களா? எங்களுக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்விகள் கிடையாது? ஏன் நாங்கள் ஆயுசுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்?

சரி, யாரோடும் இனி சண்டை போடவில்லை. அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் சொல்லுங்கள். முதல் நாளே கழிப்பறை எங்கே என்று கேட்டுவிடு பாப்பா, வெட்கப்படாதே. நீ அங்கே பல வருஷம் இருக்க வேண்டும். ஒருவேளை விட்டுவிட்டு வர நேர்ந்தால், கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று மட்டும் எழுதாதே. சாய்தளம் இல்லை என்று எழுது, கழிப்பறை இல்லை என்று எழுது. ஒரு நகலை நீயும் வைத்துக்கொள்.