தப்புப் பறையின் அதிர்வு எதில் கேட்கிறது?

கம்பியில்லா இயர்போன் வந்த பிறகு கம்பி ஹெட்போனுக்குக் காசு கொடுப்பது வீண் என்கிறது உங்கள் கட்டுரை. இலங்கை மலையகத்து ஹட்டனில் இரண்டையும் பயன்படுத்துகிறவன் நான். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

சென்ற மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் தப்பு அடித்ததைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கம்பி ஹெட்போனில் குச்சி தோலில் விழும் ஓசை தனியாகவும், தோல் அதிர்ந்து அடங்குவது தனியாகவும் கேட்கிறது. ஏறக்குறைய அதே விலைக்கு வாங்கிய கம்பியில்லாததில் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'தொம்' என்று மட்டும் விழுகிறது. புளூடூத் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. குறுந்தட்டில் (சி.டி.) வினாடிக்கு 1411 கிலோபிட் ஒலித் தகவல் இருக்கிறது. புளூடூத்தின் அடிப்படைச் சுருக்கு முறையான எஸ்.பி.சி.யில் வழக்கமாக 328 கிலோபிட்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கொடுக்கும் பணம் மின்கலம், சிப், சார்ஜ் பெட்டி என்று பிரிந்துபோகிறது. ஒலி தரும் பாகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

கொழும்பு பஸ் கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது, இரைச்சல் நீக்கும் இயர்போன்தான் காதுக்கு நிம்மதி. மறுக்கவில்லை. ஆனால் இரண்டே வருடத்தில் அதன் இடதுபக்க மின்கலம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஒட்டி மூடியிருப்பதால் திறக்க முடியாது என்று பழுது பார்ப்பவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எட்டு வருட ஹெட்போனின் கம்பி அறுந்தபோது, அவரே பத்து நிமிடத்தில் ஈயம் வைத்து ஒட்டித் தந்தார். நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர்களுக்கு விலையோடு இந்த ஆயுளையும் சேர்த்து எழுதுங்கள்.