தாழிக்குள் உயிரோடு வைத்தார்களா? இல்லை

"வயதாகிச் சுருங்கிய பெரியவர்களை உயிரோடு தாழிக்குள் இறக்கி, சோறும் தண்ணீரும் வைத்து மூடிவிடுவார்கள்" என்று, தூத்துக்குடி மாவட்டத்தின் பழங்கால ஈமக்காடான ஆதிச்சநல்லூரின் படத்துடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

தாழிகள் இறந்தவர்களை அடக்கம் செய்யப் பயன்பட்ட பெரிய மண்பானைகள். பலவற்றில், உடல் மக்கிய பிறகு திரட்டிய எலும்புகளே வைக்கப்பட்டிருக்கின்றன. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் 2020-இல் குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்தது. அங்கே அடக்கமானவர்கள் முதியவர்கள் மட்டுமல்லர். தாழிகளுக்குள் இருந்த தானியம் இறந்தவருக்கான படையல். தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு முன்பே நெல் விளைவித்து, இறந்தவருக்கும் அதில் பங்கு வைத்த மக்களைக் கொலைகாரர்களாகச் சித்தரிப்பது வேதனை தருகிறது.

ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்தின் வழியே தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கலாம். தொல்லியல் துறையின் அகழாய்வு அறிக்கைகளிலும் சரிபார்க்கலாம். தயவுசெய்து இச்செய்தியை மேலும் பகிராதீர்கள்.